தார்ச்சாலைக்கும் வாய்க்காலுக்கும் நடுவே

கொம்யூன் கிராமங்களின் சாலையோர உணவுக்கடைகளுக்குச் சட்டத்தில் இடம் எங்கே?

சாலையோர உணவுக்கடையில் மூன்று பேரின் தேவை ஒரே இடத்தில் வந்து முட்டுகிறது. கடைக்காரருக்கு அந்த இடம் பிழைப்பு. சாப்பிட வருபவருக்கு, கைக்கு எட்டும் விலையில் சுடச்சுடக் கிடைக்கும் சாப்பாடு. நடந்து போகிறவருக்கு அது வழி. மூன்றுமே நியாயமான தேவைகள். மூன்றுக்கும் அளந்து இடம் பிரித்துக் கொடுப்பதற்குப் பெயர்தான் ஒழுங்குமுறை. நகரங்களில் இதைச் செய்ய 2014-ஆம் ஆண்டிலிருந்து ஒரு மத்தியச் சட்டம் இருக்கிறது. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் கொம்யூன் பஞ்சாயத்துகளில் உள்ள கிராமங்களுக்கு அந்தச் சட்டம் வந்து சேரவில்லை. அதனால் அங்கே கடைக்காரர் கையிலும் உரிமைச் சீட்டு இல்லை, நடப்பவருக்கும் உறுதியான பாதை இல்லை.

காட்டேரிக்குப்பம் அப்படிப்பட்ட ஊர்களில் ஒன்று. வில்லியனூர் தாலுகாவில், மண்ணாடிப்பட்டு கொம்யூனைச் சேர்ந்தது. ஒரு பக்கம் சேதராப்பட்டு தொழிற்பேட்டை, இன்னொரு பக்கம் லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவு சர்க்கரை ஆலை, சுற்றிலும் நெல்லும் கரும்பும். இந்த வட்டாரத்தில் புதுச்சேரி நிலமும் தமிழ்நாட்டு நிலமும் மாறி மாறி வரும். தொழிற்பேட்டைக்கும் பள்ளிக்கும் வயலுக்கும் போகிறவர்கள் கடக்கும் ஊர்களில், பேருந்து நிற்கும் இடத்தையும் கூட்டுரோட்டையும் ஒட்டியே கடைகள் அமைகின்றன. காலையில் இட்லி, பொங்கல். மாலையில் போண்டா, பஜ்ஜி. இரவில் பரோட்டா, முட்டை தோசை. நகரத்து நடைபாதையில் ஓட்டல்காரர் மேசை போடுவது ஒரு வகை. இங்கே கடையே சாலையோரத்தில்தான் இருக்கிறது.

பதினைந்தடிக் கணக்கு

ஒழுங்குமுறை அளவிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒரு டிபன் கடைத் தள்ளுவண்டியை எடுத்துக்கொள்ளலாம். வண்டியின் அகலம் ஏறக்குறைய நாலடி. அதன் பின்னால் அடுப்பைப் பார்த்து நிற்பவருக்கு இரண்டடி. முன்னால் பிளாஸ்டிக் ஸ்டூலும், அதில் உட்கார்ந்து தட்டைக் கையில் வைத்திருப்பவரின் முழங்காலும் சேர்ந்து மூன்றடி. அதற்கும் முன்னால் அவர் நிறுத்திய இருசக்கர வண்டிக்கு ஆறடி. கூட்டினால் பதினைந்தடி வருகிறது. தார் முடியும் இடத்துக்கும் பக்க வாய்க்காலுக்கும் நடுவே இருக்கும் மண் ஓரம் ஆறேழு அடிதான் என்றால், மீதி எட்டொன்பது அடி எங்கிருந்து வரும்? கொஞ்சம் வாய்க்கால் மேல் போட்ட பலகையிலிருந்தும், மீதி தார்ச்சாலையிலிருந்தும்தான் வருகிறது.

சாலையின் அகலத்தையும் பார்க்க வேண்டும். இந்தியச் சாலைகள் காங்கிரஸின் அளவுப்படி ஒற்றைத் தடச் சாலைக்குத் தார் அகலம் 3.75 மீட்டர், இடைநிலைச் சாலைக்கு 5.5 மீட்டர், இரு தடச் சாலைக்கு 7 மீட்டர். மோட்டார் வாகன விதிகள் ஒரு பேருந்துக்கு 2.6 மீட்டர் அகலம் வரை இடம் தருகின்றன. இடைநிலைச் சாலையில் இரண்டு பேருந்துகள் எதிரெதிரே வந்தால் 5.2 மீட்டர் போய்விடும். மிச்சம் 30 சென்டிமீட்டர், அதாவது ஓரடி. கரும்பு லாரியும் பேருந்தும் விலகிக்கொள்ளும் அந்த நேரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளையும், தலையில் புல்லுக்கட்டோடு வரும் பெண்ணும் ஒதுங்கி நிற்க வேண்டிய இடம் மண் ஓரம்தான். அந்த ஓரத்தில் ஸ்டூல் கிடந்தால் அவர்கள் தாரில்தான் நிற்பார்கள். அசல் ஆபத்து இதுதான். வழியை மறித்துக்கொண்டு சாப்பிட உட்காருவதால், சாப்பிடுபவரும் அதே ஆபத்தில்தான் இருக்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால்தான் வண்டிகள் போகின்றன.

நடைபாதைக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் அளவு வகுத்திருக்கிறது. 2012-இல் வெளியான அதன் வழிகாட்டுதல் நடப்பவருக்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் உயரமும் தடையில்லாமல் வேண்டும் என்கிறது. சக்கர நாற்காலிகள் இரண்டு எதிரெதிரே போகத் தேவைப்படும் அகலம் இது. நல்ல நடைபாதை மூன்று பட்டைகளாகப் பிரிக்கப்படுகிறது: கட்டடத்தை ஒட்டிய பட்டை, நடப்பவருக்கான நடுப்பட்டை, மரம், மின்கம்பம், கடை ஆகியவற்றுக்கான ஓரப்பட்டை. காட்டேரிக்குப்பம் போன்ற ஊர்களில் கட்டிய நடைபாதை இல்லாவிட்டாலும் இந்தப் பிரிவினையை மண் ஓரத்தில் அப்படியே பயன்படுத்தலாம். நடப்பவருக்கான ஆறடிப் பட்டையை முதலில் ஒதுக்கிவிட்டு, எஞ்சிய இடத்தில் கடை அடங்குகிறதா என்று பார்ப்பதுதான் சரியான வரிசை. இப்போது நடப்பது நேர்மாறு. கடை முதலில் அமைகிறது, எஞ்சிய இடத்தில் மனிதர்கள் நடக்கிறார்கள்.

சாலை யாருடையது?

ஒரே ஊரில் மூன்று வகைச் சாலைகள் இருக்கலாம். தேசிய நெடுஞ்சாலை என்றால் அதன் நிலம் 2002-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் (நிலம் மற்றும் போக்குவரத்து) கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது. வில்லியனூர், திருபுவனை, மதகடிப்பட்டு வழியாக விழுப்புரம் போகும் சாலை இந்த வகை. ஊர்களை இணைக்கும் முக்கியச் சாலைகள் பொதுப்பணித்துறையின் பொறுப்பு. உட்தெருக்கள் கொம்யூன் பஞ்சாயத்தின் பொறுப்பு. கடைக்காரர் வண்டியைப் பத்தடி தள்ளி வைத்தால் அதிகாரியே மாறிவிடுகிறார். பாகூர் பக்கத்திலும் காட்டேரிக்குப்பம் பக்கத்திலும் யூனியன் பிரதேச எல்லை வளைந்து வளைந்து போவதால், சில இடங்களில் அடுத்த பர்லாங்கில் சட்டமே மாறிவிடுகிறது.

புதுச்சேரியின் உள்ளாட்சி அமைப்பு தமிழ்நாட்டினதைப் போன்றதல்ல. கொம்யூன் என்ற அமைப்பு பிரெஞ்சு ஆட்சியில் 1880 மார்ச் 12-ஆம் தேதி ஆணையின் மூலம் வந்தது. இன்றைய உள்ளாட்சிகள் 1973-இல் இயற்றப்பட்ட இரண்டு சட்டங்களின் கீழ் இயங்குகின்றன. ஒன்று நகராட்சிகளுக்கானது, மற்றது கிராம, கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கானது. புதுச்சேரி, உழவர்கரை, காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகிய ஐந்தும் நகராட்சிகள். கொம்யூன் பஞ்சாயத்துகள் பத்து. அவற்றில் அரியாங்குப்பம், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், வில்லியனூர் ஆகிய ஐந்தும் புதுச்சேரி வட்டாரத்தைச் சேர்ந்தவை.

இந்த அமைப்புகளுக்கு 1968-க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006-இல்தான் தேர்தல் நடந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் அறிவிக்கப்பட்ட தேர்தலும் நீதிமன்ற வழக்கில் நின்றுபோனது. அதனால் கொம்யூனின் அன்றாட முடிவுகளை எடுப்பவர் ஆணையர். சாலையோரக் கடை போன்ற விஷயத்தில் இந்தக் குறை பெரிதாகத் தெரியும். எந்த இடத்தில் கடை இருந்தால் ஊருக்கு உதவி, எந்த இடத்தில் இருந்தால் இடைஞ்சல் என்பது ஊர்க்காரருக்குத்தான் தெரியும். அதை மன்றத்தில் எழுந்து சொல்ல வார்டு உறுப்பினர் இல்லை.

நகரத்துக்கு வந்த சட்டம்

சாலையோர வியாபாரிகளின் உரிமை நீதிமன்றங்களின் வழியாகப் படிப்படியாக வளர்ந்தது. 1989-இல் சோதன் சிங் வழக்கில், நடைபாதையில் வியாபாரம் செய்வதும் அரசியல் சட்டத்தின் 19(1)(ஜி) பிரிவு தரும் தொழில் உரிமைக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. குறிப்பிட்ட ஓர் இடத்தை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும் உரிமை யாருக்கும் இல்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. 2010-இல் கைந்தா ராம் வழக்கில், இதற்கென்று ஒரு சட்டம் இயற்ற அரசுக்குக் காலக்கெடு விதித்தது. அதன் பிறகு வந்ததுதான் தெருவோர வியாபாரிகள் (வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் ஒழுங்குமுறை) சட்டம், 2014. அந்த ஆண்டு மே 1-ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டத்தின் முதுகெலும்பு நகர விற்பனைக் குழு. அதன் உறுப்பினர்களில் 40 சதவீதத்துக்குக் குறையாதவர்கள் வியாபாரிகள். அவர்களைத் தேர்ந்தெடுப்பவர்களும் வியாபாரிகளே. அந்தப் பிரதிநிதிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை கணக்கெடுப்பு நடத்தி, கணக்கில் வந்தவர்களுக்கு விற்பனைச் சான்றிதழ் தர வேண்டும். ஒரு வார்டிலோ நகரத்திலோ மக்கள்தொகையில் 2.5 சதவீதம் வரை வியாபாரிகளுக்கு இடம் கொடுக்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அகற்றக் கூடாது. அகற்றித்தான் ஆக வேண்டும் என்றால் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதித் தர வேண்டும். கெடாத பொருளை உரியவர் கேட்ட இரண்டு வேலை நாளுக்குள்ளும், கெட்டுப்போகும் பொருளைக் கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும். மாவும் சட்னியும் மறுநாளுக்கு ஆகாது என்பதைப் புரிந்துகொண்டு எழுதப்பட்ட விதி இது.

'இயற்கைச் சந்தை' என்ற கருத்தையும் இந்தச் சட்டம் ஏற்கிறது. வாங்குபவரும் விற்பவரும் நெடுங்காலமாகக் கூடிப் பழகிய இடத்தைச் சந்தையாக அடையாளம் காண வேண்டும் என்கிறது. பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் டீக்கடை வருவதற்குக் காரணம் அங்கே ஆள் நிற்பதுதான். கடையை ஒரு கிலோமீட்டர் தள்ளிக் காலி மனைக்கு அனுப்பினால் ஆள் போக மாட்டார், கடையும் நிலைக்காது. சில நாளில் அதே நிறுத்தத்தில் புதிதாக ஒருவர் வண்டி போட்டிருப்பார்.

கிராம எல்லையில் நின்ற சட்டம்

இவ்வளவு கவனமாக எழுதப்பட்ட சட்டம் கிராமத்துக்கு ஏன் வரவில்லை? 'உள்ளாட்சி அமைப்பு' என்பதற்கு அது தரும் வரையறையில் விடை இருக்கிறது. மாநகராட்சி, நகராட்சி, நகரப் பஞ்சாயத்து, கண்டோன்மென்ட் வாரியம், இவற்றோடு நகரத்திலோ பட்டணத்திலோ குடிமைச் சேவை செய்யும் பிற அமைப்புகள். கிராமப் பஞ்சாயத்தும் கொம்யூன் பஞ்சாயத்தும் இந்தப் பட்டியலில் இல்லை. உழவர்கரை நகராட்சிக்குள் வண்டி போடுபவருக்குக் குழுவும் சான்றிதழும் 30 நாள் முன்னறிவிப்பும் சட்டப்படி உண்டு. நகராட்சி எல்லையைத் தாண்டிக் காட்டேரிக்குப்பத்தில் அதே வண்டியை நிறுத்துபவருக்கு இவற்றில் எதுவும் இல்லை. இருவரும் ஊற்றுவது ஒரே தோசை, இருவரும் வாங்குவது ஒரே விலை மாவு.

கடன் விஷயத்திலும் இதே வேறுபாடு. 2020 ஜூன் 1-ஆம் தேதி தொடங்கிய பிரதமரின் ஸ்வநிதி திட்டம் தெருவோர வியாபாரிகளுக்கு முதல் தவணையாகப் பிணையில்லாமல் 10,000 ரூபாய் கடன் தந்தது. சரியாகத் திருப்பியவர்களுக்கு அடுத்து 20,000, பிறகு 50,000 என்று உயர்ந்தது. கிராமத்திலிருந்து வந்து நகர எல்லைக்குள் விற்பவர்களை அது சேர்த்துக்கொண்டது. கிராமத்திலேயே விற்பவர்களைச் சேர்க்கவில்லை. 2025-இல் திருத்தி அமைக்கப்பட்டபோது முதல் தவணை 15,000 ஆனது. கணக்கெடுப்புப் பட்டணங்களுக்கும் நகரை ஒட்டிய பகுதிகளுக்கும் படிப்படியாக நீட்டிப்பதாகவும் அறிவிக்கப்பட்டது. அந்த நீட்டிப்பில் இடம் பிடிக்கக் கடைக்காரர் கையில் ஏதாவது ஒரு சான்று வேண்டும். கொம்யூன் சீட்டுக் கொடுக்கவில்லை என்றால் அந்தச் சான்று எங்கிருந்தும் வராது.

சட்டம் இல்லாத இடத்தில் எஞ்சுவது தண்டனைப் பிரிவு மட்டுமே. பொதுவழியில் இடைஞ்சல் செய்பவருக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 283-ஆம் பிரிவு 200 ரூபாய் வரை அபராதம் விதித்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆம் பிரிவு அதை 5,000 ரூபாய் வரை உயர்த்தியிருக்கிறது. 2014 சட்டத்தின் கீழ், முன்னறிவிப்புக் காலம் முடிந்தும் இடத்தைக் காலி செய்யாத வியாபாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய்தான் உச்சவரம்பு. நகரத்து வியாபாரிக்குப் பாதுகாப்பும் உண்டு, அபராதமும் குறைவு. கிராமத்து வியாபாரிக்குப் பாதுகாப்பும் இல்லை, அபராதமும் அதிகம். இது நியாயமல்ல.

அடிக்காசு எதற்கு?

புதுச்சேரி உள்ளாட்சிகளில் சந்தையிலும் சாலையோரத்திலும் கடை போடுபவர்களிடம் தினமும் வாங்கும் கட்டணத்துக்கு அடிக்காசு என்று பெயர். வசூலிக்கும் உரிமையை ஏலம் விடும் வழக்கமும் உண்டு. அடிக்காசு கட்டியதற்கு ஒரு சிறு ரசீது கிடைக்கும். அந்த ரசீது பணம் வாங்கியதற்குச் சாட்சியே தவிர, அந்த இடத்தில் நிற்கும் உரிமைக்குச் சாட்சி அல்ல. காலையில் காசு கட்டிய கடையை மாலையில் ஆக்கிரமிப்பு என்று அகற்றினால் ரசீதைக் காட்டி வாதாட முடியாது.

கட்டணம் வாங்குவது தவறில்லை. பொது இடத்தைத் தன் தொழிலுக்குப் பயன்படுத்துபவர் அதற்கு ஏதாவது கொடுப்பதுதான் முறை. ஆனால் வாங்கிய காசு எதையாவது திருப்பித் தர வேண்டும். கட்டணத்துக்கு ஈடாக எழுதப்பட்ட இடம், எழுதப்பட்ட நேரம், தண்ணீர், குப்பைத்தொட்டி, விளக்கு ஆகியவை கிடைத்தால் அதற்கு உரிமக் கட்டணம் என்று பெயர் சொல்லலாம். ஏலம் எடுத்தவர் அதிகம் வசூலிக்க வேண்டும் என்றால் அதிகக் கடைகள் வேண்டும், அவை வழியை மறித்தாலும் அவருக்குக் கவலையில்லை. ஆகவே சாலையோர உணவுக்கடைகளின் வசூலை ஏலத்திலிருந்து பிரித்து, கொம்யூனே நேரடியாக மாதக் கட்டணமாக வாங்குவது நல்லது.

நடப்பவருக்கும் உரிமை உண்டு

சாலையோர வியாபாரியின் உரிமையைப் பேசும்போது நடப்பவரின் உரிமை பின்னால் தள்ளப்படக் கூடாது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில் 2025 மே மாதம் நீதிமன்றம், தடையில்லாத, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தக்கூடிய நடைபாதை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையின் பகுதி என்று கூறி, நடைபாதைகளுக்கான வழிகாட்டு நெறிகளை வகுக்கும்படி மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் உத்தரவிட்டது.

19-ஆம் பிரிவு ஒரு பக்கம், 21-ஆம் பிரிவு மறுபக்கம் என்று இதைச் சண்டையாக்கத் தேவையில்லை. நடப்பவருக்கு உரிய அகலத்தை முதலில் குறித்துவிட்டால் இரண்டு உரிமைகளும் ஒரே சாலையில் நிற்க முடியும். குறிக்காமல் விடும்போதுதான், பலம் குறைந்தவர் இருவரும் ஒருவரை ஒருவர் நெருக்குகிறார்கள். நடந்து போகிறவரும் வண்டிக்கடைக்காரரும் பெரும்பாலும் ஒரே தெருவைச் சேர்ந்த எளியவர்கள்.

பிற ஊர்கள் செய்தது

சாலையைப் பிரிப்பதற்கு அகலம் மட்டும் அளவுகோல் அல்ல, நேரமும் ஒன்று. புதுச்சேரிக்கு இது புதிதல்ல. நகரின் கடற்கரைச் சாலையில் மாலையிலிருந்து மறுநாள் காலை வரை வாகனங்களுக்கு அனுமதியில்லை. மகாத்மா காந்தி சாலை ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தையாகிறது. மதகடிப்பட்டு செவ்வாய்ச் சந்தை வாரத்தில் ஒரு நாள் மாட்டு வியாபாரத்துக்கு இடம் தருகிறது. நாளும் நேரமும் எல்லாருக்கும் தெரிந்திருப்பதால் இவை வழக்கமாக நிலைபெற்றுவிட்டன.

கொம்யூன் என்ற சொல்லைத் தந்த பிரான்ஸில் காபிக்கடை மேசைகள் நடைபாதையில் இருப்பது நகர வாழ்க்கையின் பகுதி. பாரிஸ் நகராட்சி 2021-இல் தன் விதிகளைத் திருத்தியது. கோடைக்கால மேசைகளுக்கு ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரை அனுமதி, இரவு 10 மணிக்கு மூட வேண்டும். அண்டை வீட்டாரின் தூக்கமும் விதியில் இடம் பெற்றது. நியூயார்க்கில் 2020 பெருந்தொற்றின்போது உணவகங்கள் சாலையில் மேசை போட அவசர அனுமதி தரப்பட்டது. 2023-இல் அது நிரந்தரச் சட்டமானபோது, நடைபாதை மேசைக்கு ஆண்டு முழுவதும், வாகனப் பாதையில் போடும் மேசைக்குப் பனிக்காலம் தவிர்த்து என்று பிரித்தார்கள்.

சிங்கப்பூர் வேறு வழியில் போனது. 1960-களின் கடைசியில் தெருவோர உணவு வியாபாரிகளைப் பதிவு செய்து, 1980-களின் நடுவுக்குள் அவர்களைத் தண்ணீர், வடிகால் வசதியுள்ள உணவு வளாகங்களுக்கு மாற்றியது. தமிழர்கள் கூடும் தேக்கா சென்டர் அப்படிப்பட்ட ஒன்று. 2020 டிசம்பரில் அந்த உணவுப் பண்பாடு யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. வளாகங்கள் குடியிருப்புகளின் காலடியிலேயே கட்டப்பட்டதால் ஆட்கள் வந்தார்கள். சென்னை தியாகராய நகர் பாண்டி பஜாரிலும் நடைபாதை வியாபாரிகள் மாநகராட்சி வணிக வளாகத்துக்கு மாற்றப்பட்டார்கள். 2019 நவம்பரில் அங்கே அகலமான நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. மாடியில் இருக்கும் கடைக்கு ஆள் ஏறி வருவதில்லை என்ற குறை அந்த வணிக வளாகத்தில் எழுந்தது. கிராமத்துக்கு மாடி வளாகம் பொருந்தாது. பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய புறம்போக்கில் சிமெண்டுத் தளம், கூரை, குழாய் ஆகியவற்றோடு பத்துப் பன்னிரண்டு வண்டி நிற்கும் இடம் போதும்.

தண்ணீர், எண்ணெய், நெருப்பு

கடை எங்கே நிற்கிறது என்பதைப் போலவே கடையில் என்ன நடக்கிறது என்பதும் ஒழுங்குக்கு உட்பட்டது. இங்கே சட்டம் நகரம், கிராமம் என்று பார்ப்பதில்லை. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம் தள்ளுவண்டி முதல் பெரிய ஓட்டல் வரை எல்லாருக்கும் பொருந்தும். 2011 ஒழுங்குமுறையின்படி சிறு கடைக்காரர் பதிவு செய்தால் போதும். சூடாகப் பரிமாறும் உணவு 60 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது. 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள விதி இது. பஜ்ஜியைச் செய்தித்தாளில் மடித்துத் தருவதற்கும் தடை உண்டு, அச்சு மையில் உள்ள வேதிப்பொருள்கள் சூடான எண்ணெயோடு சேர்ந்து உணவில் இறங்கும்.

பதிவு இல்லாமல் இருப்பதன் விலையைப் புதுச்சேரி 2024 பிப்ரவரியில் பார்த்தது. பஞ்சுமிட்டாயில் துணிச் சாயமான ரோடமின்-பி கலந்திருப்பது சோதனையில் தெரிந்ததும் அரசு அதன் விற்பனைக்குத் தடை விதித்தது. தரச்சான்று பெற்றவர்கள் மட்டும் விற்கலாம் என்றது. சாயம் கலந்தவரோடு சேர்த்து, தப்பே செய்யாமல் காகிதம் இல்லாமல் விற்றவரும் வியாபாரத்தை நிறுத்த வேண்டியிருந்தது. ஒருவர் ஒழுங்காகத் தொழில் செய்கிறார் என்பதைக் காட்ட அவரிடம் இருக்கும் ஒரே கருவி பதிவுச் சீட்டு.

தட்டுக் கழுவும் இடம் இன்னும் கவனிக்கப்படாத பகுதி. குழாய் இல்லாத கடையில் இரண்டு வாளித் தண்ணீர்தான் கழுவுமிடம். முதல் வாளியில் எச்சில் போகும், இரண்டாவதில் அலசல். இருபது தட்டுக்குப் பிறகு இரண்டாவது வாளியும் முதல் வாளியின் நிறத்துக்கு வந்துவிடும். அந்தத் தண்ணீர் பக்க வாய்க்காலில் கொட்டப்படுகிறது. கொழுப்பும் சோற்றுப் பருக்கையும் அடைத்து, மழைக்காலத்தில் வாய்க்கால் சாலைமேல் வழிகிறது. நான்கு கடைகளுக்கு ஒரு பொதுக்குழாயும், எச்சிலைப் பிடித்து நிறுத்தும் ஒரு சிறு தொட்டியும் இருந்தால் இந்தப் பிரச்சினையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். வாழை இலையோ தையல் இலையோ பயன்படுத்தினால் கழுவும் வேலையே குறையும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் கப், ஸ்பூன், தட்டு ஆகியவற்றுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது.

எரிவாயுவைப் பொறுத்தவரை, 14.2 கிலோ வீட்டு உருளையைக் கடையில் பயன்படுத்துவது சட்டப்படி தவறு. 19 கிலோ வணிக உருளைதான் கடைக்கு உரியது. உருளை நிற்பது சாலைப் பக்கமா, வாய்க்கால் பக்கமா என்பது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. சாலைப் பக்கம் நிற்கும் உருளையில் ஒரு வண்டி இடித்தால் போதும்.

கொம்யூன் செய்யக்கூடியவை

மத்தியச் சட்டம் திருத்தப்படும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அரசியல் சட்டத்தின் பதினோராவது அட்டவணை பஞ்சாயத்துகளுக்கு ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களைப் பட்டியலிடுகிறது. 13-ஆவது சாலைகள், 22-ஆவது சந்தைகள். 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சந்தையும் பொதுவழியும் கொம்யூனின் பொறுப்பில் வருவதால், அரசின் ஒப்புதலோடு ஒரு துணைவிதி கொண்டுவருவதே நேரான வழி. 2014 சட்டத்தை அப்படியே மாதிரியாக எடுத்துக்கொள்ளலாம்.

முதல் வேலை கணக்கெடுப்பு. எந்த ஊரில், எந்தச் சாலையில், எத்தனை கடை, என்ன உணவு, எந்த நேரம், நடத்துபவர் ஆணா பெண்ணா என்று பதிய வேண்டும். கணக்கெடுப்பு முடியும் வரை, உயிருக்கு ஆபத்தான இடங்களைத் தவிர வேறெங்கும் யாரையும் அகற்றக் கூடாது.

இரண்டாவது, குழு. ஆணையர் தலைமையில் பொதுப்பணித்துறை, காவல் நிலையம், உணவுப் பாதுகாப்புத் துறை ஆகியவற்றின் பிரதிநிதிகள். குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகள், அவர்களில் மூன்றில் ஒருவர் பெண். பள்ளியிலிருந்து ஒருவரும், மாற்றுத்திறனாளிகள் சார்பில் ஒருவரும். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத ஊரில் மக்கள் குரல் ஒலிக்க இந்தக் குழுதான் வழி.

மூன்றாவது, கோடு. தார் விளிம்பிலிருந்து 1.8 மீட்டர் நடைபட்டை ஒதுக்கி வெள்ளைக் கோடு போட வேண்டும். வண்டியும் ஸ்டூலும் கோட்டுக்கு அப்பால் இருக்க வேண்டும். அப்பால் இடம் இல்லாத சாலையில் கடைக்கு அனுமதி இல்லை, ஆனால் பக்கத்திலேயே மாற்று இடம் தருவது கொம்யூனின் கடமை. சாலை வளைவு, பாலத்தின் அணுகுபாதை, பள்ளி வாசல், மருத்துவமனை வாசல் ஆகிய இடங்களில் எந்த நேரத்திலும் கடை கூடாது. இருசக்கர வண்டிகளுக்குத் தனி இடம் குறிக்காவிட்டால் மற்ற எல்லாக் கோடும் வீண். ஒரு கடை பிடிக்கும் பதினைந்தடியில் ஆறடி அவற்றுக்குத்தான் போகிறது.

நான்காவது, சீட்டு. கடைக்காரரின் படம், இடத்தின் எண், அளவு, நேரம், உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் ஆகியவற்றோடு ஓராண்டுச் சான்றிதழ். காலைக் கடைக்கும் இரவுக் கடைக்கும் ஒரே இடத்தை நேரம் பிரித்துக் கொடுக்கலாம், குறைந்த இடத்தில் இரண்டு குடும்பம் பிழைக்கும். சீட்டை இன்னொருவருக்கு வாடகைக்கு விடக் கூடாது. கட்டடத்துக்குள் ஓட்டல் நடத்துபவர் வாசலில் மேசை போட விரும்பினால் அவருக்கும் இதே கோடு, இதே நேரம். கட்டணம் மட்டும் தள்ளுவண்டிக்காரரை விட அதிகம் இருக்கலாம்.

ஐந்தாவது, அகற்றும் முறை. எழுத்து மூலம் 30 நாள் முன்னறிவிப்பு, மாற்று இடம், பொருள்களின் பட்டியல், கெடும் உணவை அன்றே திருப்பித் தருதல். முடிவை எதிர்த்து முறையிட ஆணையருக்கு மேல் ஓர் அதிகாரி வேண்டும். உள்ளாட்சித் துறை இயக்குநரகம் அதற்குப் பொருத்தமானது. சாலை விரிவாக்கத்துக்குத் திட்டம் போடும்போதே எத்தனை கடைகள் பாதிக்கப்படும் என்பதையும் அவற்றின் மாற்று இடத்தையும் பொதுப்பணித்துறை மதிப்பீட்டில் எழுத வேண்டும்.

ஆறாவது, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர்களில் இரு பக்க உள்ளாட்சிகளும் ஒரே அளவையும் ஒரே நேரத்தையும் ஏற்றுக்கொள்வது. இல்லாவிட்டால் ஒரு பக்கம் ஒழுங்குபடுத்தினால் கடைகள் மறுபக்கம் போய்க் குவியும்.

சில வண்டிகள் நிற்கும் ஒரு கிராமத்துக்கு இத்தனை விதி எதற்கு என்று கேட்கலாம். கடைகள் குறைவாக இருக்கும்போதுதான் இதைச் செய்வது எளிது. தொழிற்பேட்டைகளும் கல்லூரிகளும் குடியிருப்புகளும் நகரத்திலிருந்து கொம்யூன்களை நோக்கி வந்துகொண்டிருக்கின்றன. இன்று பத்து வண்டிக்கு இடம் குறிப்பது ஒரு வார வேலை. நூறு வண்டி வந்த பிறகு அதே வேலைக்குப் பொக்லைனும் போலீசும் தேவைப்படும், கண்ணீரும் மிஞ்சும். மத்தியச் சட்டத்தின் வரையறையில் கிராம, கொம்யூன் பஞ்சாயத்துகளைச் சேர்க்கும்படி புதுச்சேரி அரசு ஒன்றிய அரசைக் கேட்க வேண்டும். அதுவரைக்கும் கொம்யூன்களின் துணைவிதி அந்த இடத்தை நிரப்பட்டும். ஆண்டுக்கு ஒரு முறை குழு கூடி, கோடு சரியான இடத்தில் இருக்கிறதா, சீட்டு சரியான கையில் இருக்கிறதா என்று பார்த்துத் திருத்திக்கொண்டால் போதும்.